இரட்டை ஆற்றல் சி.டி.: நீர்–கால்சியம் பிரித்தெடுப்பில் இரைச்சல் இவ்வளவு பெருகுவது ஏன்? எந்த மறுகட்டமைப்பு முறை பொருந்தும்?

கொருக்குப்பேட்டை கதிர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் ரேடியோகிராபராகப் பணியாற்றிக்கொண்டே மருத்துவ இயற்பியலில் முதுநிலைப் படிப்பின் இறுதித் திட்டப்பணியைச் செய்து வருகிறேன். எங்கள் மையத்துக்குத் துறைமுகச் சுமைப்பணியாளர்களும், காசிமேட்டில் விசைப்படகுகளில் கடலுக்குச் சென்று வருபவர்களும், எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலை செய்பவர்களும் சிறுநீரகக் கல் வலியோடு அடிக்கடி வருகிறார்கள். நாள் முழுதும் வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்க வழியில்லாமல் உழைக்கும் இவர்களுக்கு, உள்ளே இருப்பது யூரிக் அமிலக் கல்லா, கால்சியம் கல்லா என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அது பெரிய உதவி. யூரிக் அமிலக் கல்லைச் சிறுநீரின் காரத்தன்மையை உயர்த்தும் மருந்தாலேயே பெரும்பாலும் கரைத்துவிடலாம். கால்சியம் கல்லுக்கு அந்த வழி இல்லை. என் திட்டப்பணி இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

எங்களிடம் இருப்பது ஒற்றைக் குழாய் இயந்திரம். சிறுநீரகப் பகுதியை மட்டும், எக்ஸ்-கதிர்க் குழாயின் மின்னழுத்தத்தை 80 கே.வி. (கிலோவோல்ட்) ஆக வைத்து ஒரு முறையும் 140 கே.வி.யில் ஒரு முறையும் அடுத்தடுத்து எடுத்த, பெயர் விவரங்கள் நீக்கப்பட்ட பழைய பதிவுகளை அனுமதி பெற்றுப் பயன்படுத்துகிறேன். என்னிடம் இருப்பவை டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) படங்கள் மட்டுமே. மூலத் தரவு இல்லை. ஒவ்வொரு பிக்சலிலும் இரண்டு அளவீடுகள், நீர், கால்சியம் என்ற இரண்டு அறியப்படாத அளவுகள் என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கு இரண்டு அணியின் நேர்மாறைப் பெருக்கிப் பிரித்தெடுத்தேன். வந்த கால்சியம் படம் முழுவதும் உப்பைத் தூவியது போல இருக்கிறது. மூலப் படங்கள் இரண்டும் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தன.

அதற்குமேல் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. கால்சியம் படத்தை மட்டும் மென்மையாக்கி, அதையும் நீர்ப் படத்தையும் சேர்த்து 60 கே.இ.வி. ஒற்றை ஆற்றல் படத்தை, அதாவது எல்லா ஃபோட்டான்களும் 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் இருந்தால் கிடைக்கும் படத்தை, உருவாக்கினேன். இரைச்சல் குறையும் என்று எதிர்பார்த்தேன். மென்மையாக்குவதற்கு முன்பிருந்ததைவிட மிக மோசமாக வந்தது. நிரலில் பிழை என்று எண்ணி இரண்டு இரவுகள் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

படங்களை உருவாக்கிய பிறகு பிரிப்பதைவிட, சைனோகிராம் (படமாக்கும் முன் ஒவ்வொரு கோணத்திலும் டிடெக்டர் அளந்த தரவு) நிலையிலேயே பிரித்துவிட்டுப் படத்தை உருவாக்குவது மேலானது என்று நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் என் முயற்சியே வீணா? திரும்பத் திரும்பத் திருத்தும் இட்டரேட்டிவ் முறைகளில் எதை நான் எடுத்துக்கொள்ளலாம்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பெரம்பூர் இயற்பியலாளர் எழுதியது:

கதிர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் நிரலில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கண்ட இரண்டு நிகழ்வுகளுக்கும் காரணம் ஒன்றே என்பதால், அதைக் கையால் கணக்கிட்டே காட்டுகிறேன்.

உண்மையில் 80 கே.வி. கற்றையில் பல ஆற்றல்கள் கலந்திருக்கும். விளக்கத்துக்காக மட்டும் அதை 50 கே.இ.வி. என்ற ஒரே ஆற்றலாகவும், 140 கே.வி. கற்றையை 80 கே.இ.வி.யாகவும் வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் அட்டவணைப்படி, நீரின் நிறை நலிவுக் கெழு (எக்ஸ்-கதிரை அது எவ்வளவு நலியச் செய்கிறது என்பதன் அளவு) கிராமுக்கு 50 கே.இ.வி.யில் 0.2269 சதுர செ.மீ., 80 கே.இ.வி.யில் 0.1837, கால்சியத்துக்கு முறையே 1.019, 0.3656. இதிலிருந்து, நீரில் ஒரு கன செ.மீ.க்கு 1 மி.கி. கால்சியம் கூடினால், குறைந்த ஆற்றல் படத்தில் ஏறக்குறைய 4.5 எச்.யூ.வும் (ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு, நீரை 0 என வைத்து சி.டி. படத்தின் மதிப்பை அளப்பது) உயர் ஆற்றல் படத்தில் 2.0 எச்.யூ.வும் ஏறும் என்று கிடைக்கிறது. ஒரு படத்திலிருந்து மற்றொன்றைக் கழித்தால் நீர் மறைந்துவிடும், மிஞ்சுவது மி.கி.க்கு 2.5 எச்.யூ. மட்டுமே. இனி இரைச்சலைப் பாருங்கள். இரண்டு படங்களிலும் 20 எச்.யூ. இரைச்சல் இருந்து, இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக இருந்தால், கழித்த படத்தில் இரைச்சல் 20-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவு, அதாவது 28 எச்.யூ. ஆகும். 28-ஐ 2.5-ஆல் வகுத்தால் 11. ஆகவே உங்கள் கால்சியம் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் கன செ.மீ.க்கு 11 மி.கி. அளவுக்கு ஆடுகிறது. அணியின் நேர்மாறைப் பெருக்கினாலும் இதே விடைதான் வரும், ஏனெனில் அதுவும் உள்ளுக்குள் இந்தக் கழித்தலையே செய்கிறது.

இரண்டு நிறமாலைகளும் (கற்றைகளிலுள்ள ஆற்றல்களின் பரவல்) நெருங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். குறைந்த ஆற்றல் 50-க்குப் பதிலாக 60 கே.இ.வி.யாக இருந்தால் மி.கி.க்கு மிஞ்சும் வேறுபாடு 1.2 எச்.யூ.வாகச் சுருங்கி, ஆட்டம் 11-லிருந்து 23 மி.கி.க்கு மேல் போய்விடும். மூலப் படங்களின் இரைச்சல் அப்படியே 20 எச்.யூ.தான் இருக்கிறது, ஆனாலும் விடையின் இரைச்சல் இரு மடங்காகிவிட்டது. இதனால்தான் இரட்டைக் குழாய் இயந்திரங்களில் உயர் கே.வி. குழாயின் முன் வெள்ளீயத் தகட்டை வைத்து, அந்தக் கற்றையிலுள்ள குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை வடிகட்டி, இரு நிறமாலைகளையும் விலக்குகிறார்கள். எந்த மறுகட்டமைப்பு முறையைத் தேர்ந்தாலும், எடுக்கும்போதே விலகி நிற்காத நிறமாலைகளைப் பின்னால் கணிதத்தால் விலக்க முடியாது. இதை நான் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே சொல்லி வருகிறேன், ஏனெனில் பலரும் இரைச்சலுக்கான மருந்தை நிரலில் மட்டுமே தேடுகிறார்கள்.

அடுத்து உங்கள் 60 கே.இ.வி. புதிர். பிரித்தெடுத்த பின் நீர்ப் படத்தின் இரைச்சல் மேற்சொன்ன கணக்கில் 39 எச்.யூ.வுக்கு நிகராக வருகிறது. கால்சியம் படத்தின் 11 மி.கி. ஆட்டம் 60 கே.இ.வி.யில் 36 எச்.யூ.வுக்கு நிகராகும். ஆனால் இவ்விரண்டு ஆட்டங்களும் தராசின் இரண்டு தட்டுகளைப் போன்றவை: ஒரு பிக்சலில் கால்சியம் தவறாக ஏறினால், அதே பிக்சலில் நீர் தவறாக இறங்கியிருக்கும். அவற்றின் ஒட்டுறவுக் கெழு −0.93. ஆகவே இரண்டையும் கூட்டி 60 கே.இ.வி. படத்தை உருவாக்கும்போது பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்து, 14 எச்.யூ. மட்டுமே மிஞ்சும், இது மூலப் படங்களின் 20-ஐவிடக் குறைவு. நீங்கள் கால்சியம் படத்தை மட்டும் மென்மையாக்கியபோது ஒரு தட்டைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டீர்கள். நீர்ப் படத்தின் 39 எச்.யூ. இரைச்சலை அழிக்க எதிர்த் தட்டில் ஒன்றும் இல்லாததால் அது முழுவதுமாக வெளியே தெரிந்தது. 14 இருந்த இடத்தில் 39 வந்ததைத்தான் நீங்கள் மிக மோசம் என்று கண்டிருக்கிறீர்கள்.

இதே கணக்கில் 40 கே.இ.வி. படத்தில் கால்சியத்தின் ஒளிர்வு 60 கே.இ.வி. படத்தைவிட இரு மடங்குக்குச் சற்று மேல் ஏறும். இரைச்சலோ மூன்று மடங்காகி 43 எச்.யூ.வைத் தொடும். குறைந்த கே.இ.வி. படங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றினாலும் அவற்றில் தகவல் கூடியிருக்கிறது என்று கொள்ள வேண்டாம்.

சைனோகிராம் நிலையில் பிரிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரு வேறு மின்னழுத்தங்களில் எடுத்தால் அயோடினையும் கால்சியத்தையும் வேறுபடுத்தலாம் என்பதை ஹவுன்ஸ்ஃபீல்ட் 1973-லேயே, 100, 140 கே.வி.களைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். அதற்கு முறையான கணித வடிவம் தந்தவர்கள் ஆல்வரெஸும் மகோவ்ஸ்கியும். அது 1976-இல் வெளிவந்தது. நலிவை ஒளிமின் விளைவு, காம்ப்டன் சிதறல் என்ற இரு பகுதிகளாக எழுதி, ஒவ்வொரு கதிருக்கும் இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்து, கிடைக்கும் இரண்டு சைனோகிராம்களையும் தனித்தனியாகப் படமாக்குவது அவர்கள் வழி. கதிர் உடலுக்குள் செல்லச் செல்லக் குறைந்த ஆற்றல் ஃபோட்டான்கள் முதலில் உட்கவரப்பட்டு எஞ்சிய கற்றையின் சராசரி ஆற்றல் உயர்கிறதே, அந்த பீம் ஹார்டனிங்கை இந்த வழி அடிப்படையிலேயே கணக்கில் கொள்கிறது. படங்களை உருவாக்கிய பிறகு பிரிப்பவருக்கு அந்த வசதி இல்லை; தடித்த எலும்புகளுக்கு இடையில் எச்.யூ. மதிப்புகள் முன்பே பிறழ்ந்திருக்கும்.

ஆனால் அந்த வழிக்கு ஒரு கண்டிப்பான தேவை உண்டு. இரண்டு ஆற்றல்களிலும் ஒரே கதிர், ஒரே பாதையில், ஒரே உடல்நிலையில் அளக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு அடுக்கு டிடெக்டர் இயந்திரத்தில் மேலடுக்கு குறைந்த ஆற்றலையும் கீழடுக்கு உயர் ஆற்றலையும் ஒரே நொடியில் பிடிப்பதால் இது இயல்பாகவே அமைகிறது. மின்னழுத்தத்தை மிக விரைவாக மாற்றி மாற்றி எடுக்கும் இயந்திரத்தில் அடுத்தடுத்த கோணங்களுக்கு இடையே சிறிது இட்டு நிரப்பினால் போதும். 2006-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த இரட்டைக் குழாய் அமைப்பிலோ இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால், படமாக்கிய பின் பிரிப்பதே வழக்கமாக இருந்தது. உங்களுடையது இரண்டு தனித்தனிச் சுற்றுகள். இடையில் நோயாளி மூச்சு விட்டிருப்பார், சிறுநீரகம் நகர்ந்திருக்கும். மூலத் தரவு கையில் இருந்திருந்தாலும் கதிருக்குக் கதிர் பொருத்துவது உங்களுக்கு இயலாது. எனவே, படங்களிலேயே பிரிப்பதைக் குறைவான வழி என்று எண்ணி வருந்த வேண்டாம். உங்கள் இயந்திரத்துக்கு அதுவே உரிய வழி.

இறுதியாக ஒன்று. கல்லின் வகையைச் சொல்ல உங்களுக்குப் பிக்சல் பிக்சலாகப் பிரித்தெடுத்த படமே தேவையில்லாமல் இருக்கலாம். கால்சியம் ஆக்ஸலேட் கல்லில் கன செ.மீ.க்குப் பல நூறு மி.கி. கால்சியம் இருக்கும், 11 மி.கி. ஆட்டம் அதை மறைக்காது. கல்லின் உட்பகுதியிலுள்ள பிக்சல்களைச் சராசரி எடுத்து, 80 கே.வி. எச்.யூ.வை 140 கே.வி. எச்.யூ.வால் வகுத்துப் பாருங்கள். யூரிக் அமிலம் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் மட்டுமே கொண்டது என்பதால் அந்த விகிதம் 1-ஐ ஒட்டியே நிற்கும். கால்சியம் கல்லுக்கு அதைவிடத் தெளிவாக மேலே போகும். உங்களை உண்மையில் ஏமாற்றக்கூடியவை கல்லின் ஓரமும் இரண்டு படங்களின் நகர்வும்தான்.

ராயபுரம் சி.டி. அறை எழுதியது:

தம்பி கதிர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கன்சோலின் முன் அமர்ந்திருப்பவள் என்ற முறையில், ஐயா கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். கணிதத்தைத் தொடும் முன் உங்கள் இரண்டு தொடர்களின் டைகாம் தலைப்பை வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு நான் பணியாற்றிய ஒரு மையத்தில், 80 கே.வி. தொடர் மென்மையான கெர்னலிலும் (படத்தின் கூர்மையை முடிவுசெய்யும் மறுகட்டமைப்பு வடிகட்டி) 140 கே.வி. தொடர் எலும்புக்கான கூர்மையான கெர்னலிலும் தவறுதலாக மறுகட்டமைக்கப்பட்டிருந்தது. பிரித்தெடுத்த படத்தில் ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஒரு நிற வளையம் தோன்றியது. கல்லின் மேலோடு ஒரு பொருள், உள்ளே வேறு பொருள் என்று அதற்கு விளக்கமும் எழுதப்பட்டது. கெர்னல் வேறு என்பதால் இரண்டு படங்களிலும் ஓரங்கள் வெவ்வேறு அளவில் மங்கியிருந்தன, வளையம் அதனால் வந்தது என்பதை மூன்றாவது நோயாளிக்குப் பிறகே கண்டுகொண்டோம். அந்த இரண்டு அறிக்கைகளையும் திருத்தி அனுப்பிய நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எனவே கெர்னல், ஸ்லைஸ் தடிமன், படப் பரப்பு, படத்தின் மையம் ஆகிய நான்கும் இரு தொடர்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் உள்ளமைந்த இட்டரேட்டிவ் இரைச்சல் குறைப்பைப் பயன்படுத்தியிருந்தால் அதன் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். கெர்னல் மென்மையானதாக இருப்பதே அளவீட்டுக்கு நல்லது. கூர்மையான கெர்னல் ஓரங்களில் எச்.யூ.வை உள்ளதைவிட மிகைப்படுத்தும். ஸ்லைஸ் 1 மி.மீ. அளவில் இருந்தால் 4 மி.மீ. கல்லிலும் உட்பகுதி என்று ஒன்றைக் காண முடியும்; 5 மி.மீ. ஸ்லைஸில் அந்தக் கல் முழுவதும் சுற்றியுள்ள திசுவோடு கலந்துவிடும். 3 மி.மீ.க்குக் குறைந்த கற்களைப் பற்றி இந்த முறையில் உறுதியாக எதையும் எழுதாதீர்கள்.

உடல் பருத்த நோயாளிகளின் பதிவுகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். 80 கே.வி.யில் அவர்களின் உடலைக் கடந்து டிடெக்டரை அடையும் ஃபோட்டான்கள் மிகக் குறைவு. இடுப்பின் குறுக்கே கோடு கோடாகப் படம் கெட்டுப்போகும். அங்கே இரைச்சல் மட்டும் கூடுவதில்லை, சராசரி எச்.யூ.வே பிறழ்ந்துவிடும், எந்த மென்மையாக்கலும் அதைச் சரிசெய்யாது. அத்தகையவர்களுக்கு 100 கே.வி. மேல்.

உங்கள் பிரித்தெடுப்பு சரியா என்று சோதிக்க நோயாளிகளின் படங்கள் ஏற்றவை அல்ல, ஏனெனில் உண்மையான விடை உங்களுக்குத் தெரியாது. சௌகார்பேட்டைக் கடையில் 20 செ.மீ. அகலமுள்ள, மூடியோடு கூடிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வாங்கி நீர் நிரப்பி, அதற்குள் 20 மி.லி. சிரிஞ்சுகளில் அளவு தெரிந்த கால்சியம் குளோரைடு கரைசல்களை நிறுத்துங்கள். அயோடினுக்கும் இப்படிச் செய்யலாம்: மி.லி.க்கு 300 மி.கி. அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்தில் 1 மி.லி. எடுத்து மொத்தம் 60 மி.லி. ஆக்கினால் 5 மி.கி., மொத்தம் 30 மி.லி. ஆக்கினால் 10 மி.கி. காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு சிரிஞ்சில் வெறும் நீர் இருக்கட்டும். இதற்காக எந்த நோயாளியையும் கூடுதலாக ஒரு முறை ஸ்கேன் செய்ய வேண்டாம் என்பதை உங்கள் அக்காவாகவே வலியுறுத்திச் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை கதிர் எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. தலைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். கெர்னலும் ஸ்லைஸும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் பதினோரு பதிவுகளில் மூன்றில் படப் பரப்பு வேறாக இருந்தது. அந்த மூன்றையும் விலக்கிவிட்டேன். 14 எச்.யூ. கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தேன். என் பழைய நிரல் தந்த எண்ணோடு பொருந்துகிறது. ஒரு படத்தை மட்டும் மென்மையாக்குவது தவறு என்றால், இரண்டையும் ஒரே அளவில் மென்மையாக்கலாமா? அப்படிச் செய்தால் சிறிய கற்கள் கரைந்து போகின்றன. கல்லைக் கெடுக்காமல் இரைச்சலை மட்டும் குறைக்கும் வழி உண்டா? ஆழ்கற்றல் வலையமைப்பு ஒன்றைப் பயிற்றுவிக்கலாம் என்று உடன் படிக்கும் நண்பர் சொல்கிறார்.

திருவொற்றியூர் நிரலாளர் எழுதியது:

வணக்கம் கதிர். பட மறுகட்டமைப்பு நிரல்களை எழுதுவது என் தொழில். உங்கள் தேவைக்கு நேராகப் பொருந்தும் வழி ஒன்று இருக்கிறது. 2014-இல் நியூ என்பவரும் அவரோடு பணியாற்றியவர்களும் வெளியிட்டது. அதன் கருத்தை என் சொற்களில் விளக்குகிறேன்.

ஒரு சீரான பகுதியிலுள்ள எல்லாப் பிக்சல்களின் நீர், கால்சியம் மதிப்புகளை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக இட்டுப் பாருங்கள். அவை வட்டமாகப் பரவாமல், சாய்ந்து நீண்ட ஒல்லியான நீள்வட்டமாகப் பரவியிருக்கும். ஐயா சொன்ன −0.93 என்பதற்கு வரைபடத்தில் அதுதான் உருவம். நீளவாட்டில் உங்கள் அளவீட்டுக்கு உறுதி குறைவு. குறுக்குவாட்டில் உறுதி மிக அதிகம். இரண்டு படங்களையும் தனித்தனியாக மென்மையாக்கும் வடிகட்டி இந்த வேறுபாட்டை அறியாது. நன்கு அளக்கப்பட்ட குறுக்குத் திசையையும் மோசமாக அளக்கப்பட்ட நீளத் திசையையும் ஒரே தூரிகையால் பூசிவிடுகிறது.

இதற்கு மாற்றாக, பிரித்தெடுத்தலை ஒரு சிறுமமாக்கல் கணக்காக எழுதுகிறோம். அதில் இரண்டு உறுப்புகள் உண்டு. முதல் உறுப்பு, விடை அளவீட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதற்கான தண்டனை. அதை உடன்மாறுபாட்டு அணியின் (இரண்டு படங்களின் இரைச்சலும் எவ்வளவு, எப்படிச் சேர்ந்து ஆடுகின்றன என்று காட்டும் அணி) நேர்மாறால் எடையிடுகிறோம். அப்படிச் செய்தால் குறுக்குத் திசையில் சிறிது விலகினாலும் தண்டனை கடுமையாகும். நீளத் திசையில் நிறைய விலகினாலும் தண்டனை சிறிதே. இரண்டாம் உறுப்பு, அண்டைப் பிக்சல்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கான தண்டனை. இரண்டையும் சேர்த்துச் சிறுமமாக்கும்போது, மென்மையாக்கல் பெரும்பாலும் நீளத் திசையில் மட்டும் நடந்து, இரைச்சல் அங்கேயே கரைகிறது. அந்த நீளத் திசைக்கு 60 கே.இ.வி. படத்தில் ஏறக்குறைய பங்கே இல்லை என்பதால், அந்தப் படமும் அதிலுள்ள ஓரங்களும் அப்படியே நிற்கும். நீங்கள் மென்மையாக்கியபோது கெட்டுப்போன அதே படம் இங்கே காக்கப்படுகிறது.

இரண்டாம் உறுப்பில் வேறுபாட்டின் வர்க்கத்தை எடுத்தால் கல்லின் ஓரமும் தண்டிக்கப்படும். எனவே சிறிய வேறுபாடுகளுக்கு வர்க்கமாகவும் பெரிய வேறுபாடுகளுக்கு நேர்கோடாகவும் மாறும் ஹியூபர் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாற்றம் எந்த இடத்தில் நிகழ வேண்டும் என்பதை இரைச்சலைவிட மேலாகவும், நீங்கள் காண விரும்பும் மிகச் சிறிய கல்லின் ஏற்றத்தைவிடக் கீழாகவும் வையுங்கள். இந்த ஒரே எண்ணில்தான் உங்கள் சிறிய கற்களின் தலையெழுத்து இருக்கிறது. இதை இயல்புநிலை மதிப்பில் விட்டுவிட வேண்டாம். 512-க்கு 512 பிக்சல் கொண்ட ஒரு ஸ்லைஸுக்கு 5,24,288 அறியப்படாத எண்கள் வரும். கான்ஜுகேட் கிரேடியன்ட் முறையில் சாதாரண மடிக்கணினியே இதைத் தீர்த்துவிடும், தனி கிராபிக்ஸ் அட்டை வேண்டியதில்லை.

மூலத் தரவு கிடைப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. பிரித்தெடுத்தலையும் படமாக்கலையும் ஒன்றாக்கி, டிடெக்டரில் எண்ணப்பட்ட ஃபோட்டான்களின் பாய்சான் புள்ளியியலிலிருந்து நேராகப் பொருள் படங்களைத் தேடுவது. நிறமாலை முழுவதும் மாதிரிக்குள் வந்துவிடுவதால் பீம் ஹார்டனிங்கும் இரைச்சலும் ஒரே இடத்தில் கையாளப்படுகின்றன. மடக்கை எடுக்க வேண்டியதில்லை என்பதால், ஃபோட்டான் மிகக் குறைந்த கதிர்களில் வரும் பிறழ்வும் நீங்குகிறது. ஆனால் நிறமாலையைத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும், கணக்கும் மெதுவாகவே குவியும். இதைப் புரிந்துகொள்ள விரும்பினால், ஸ்பெக்பை கொண்டு நிறமாலையையும் ஆஸ்ட்ரா அல்லது ஆர்.டி.கே. கொண்டு சைனோகிராமையும் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். அவை யாவும் இலவசம். உங்கள் திட்டப்பணிக் காலத்துக்கு இது பெரிய வேலை, ஒரு ஒப்பீட்டு அத்தியாயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழ்கற்றல் பற்றி: விடை தெரிந்த படங்கள் உங்களிடம் எட்டு நோயாளிகளுக்குக்கூட இல்லை. வலையமைப்பு தான் பார்த்துப் பழகிய உருவங்களையே திருப்பித் தரும். பயிற்சியில் 3 மி.மீ. கற்கள் குறைவாக இருந்தால், எதிரில் இருக்கும் 3 மி.மீ. கல்லை இரைச்சல் என்று அழித்துவிடவும் கூடும். அப்படி அழிந்ததை அந்த அழகான படத்தில் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. இந்தத் தேவைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரம்பூர் இயற்பியலாளர் எழுதியது:

நிரலாளர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உடன்மாறுபாட்டு அணியைச் சூத்திரத்திலிருந்து எடுக்காமல், அக்கா சொன்ன நீர் டப்பாவின் படத்திலிருந்து அளந்து எடுங்கள். நான் இரண்டு படங்களுக்கும் 20 எச்.யூ. என்று வைத்தது விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் 80 கே.வி. படத்தில் அது கூடுதலாக இருக்கும். மேலும், கதிர் அதிகத் தொலைவு கடந்து வரும் நடுப்பகுதியில் இரைச்சல் கூடுதலாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருக்கும். நடுவிலும் நான்கு ஓரங்களிலும் தனித்தனியாக அளந்து, இடத்துக்கேற்ற அணியைப் பயன்படுத்துவதே முறை.

கொருக்குப்பேட்டை கதிர் எழுதியது:

ஞாயிறு மதியம் மையம் ஓய்ந்திருந்தபோது, உரிய அனுமதியோடு டப்பாவை ஸ்கேன் செய்தேன். நடுவிலும் நான்கு ஓரங்களிலும் அளந்த எண்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறேன். ஒரு சிக்கல்: வெறும் நீர் சிரிஞ்சு 140 கே.வி. படத்தில் 0 எச்.யூ. காட்டுகிறது, 80 கே.வி. படத்தில் 6 எச்.யூ. காட்டுகிறது. 6 எச்.யூ. என்பது இரைச்சலைவிடச் சிறியதுதானே, விட்டுவிடலாமா?

பெரம்பூர் இயற்பியலாளர் எழுதியது:

விட்டுவிடக் கூடாது. இரைச்சல் பல பிக்சல்களின் சராசரியில் அடங்கிவிடும். இந்த 6 எச்.யூ. எத்தனை பிக்சல்களைச் சேர்த்தாலும் அடங்காது. மி.கி.க்கு 2.5 எச்.யூ. என்ற அதே கணக்கில் 6-ஐ வகுத்துப் பாருங்கள்: வெறும் நீரில் கன செ.மீ.க்கு 2.4 மி.கி. கால்சியம் இருப்பதாக உங்கள் படம் சொல்லும். அடர்த்தி குறைந்த கல்லில் விகிதமும் இதனாலேயே நகரும். முதலில் இயந்திரத்தின் அன்றாட நீர் அளவுதிருத்தம் 80 கே.வி.க்கும் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், 120 கே.வி.க்கு மட்டும் செய்து நிறுத்திவிடுவது பல இடங்களில் வழக்கம். அதைச் செய்து மீண்டும் அளந்த பிறகும் எஞ்சியிருந்தால், பிரித்தெடுக்கும் முன்பே 80 கே.வி. படத்திலிருந்து அந்த அளவைக் கழித்துவிடுங்கள்.